தொடுவானம் மூடப்பட்ட கதை

பிரிந்த ஊரை நினைந்து வருந்துவது மனித இயல்பு. இளமையை நினைந்து வருந்துவதும் அவ்வாறே. ஆயின், ஒருவர் ஒருநாளும் வாழ்ந்திராத ஊரை, இன்னும் பிறவாத ஒரு காலத்தை இழந்துவிட்டதாக எண்ணி ஏங்குதல் கூடுமோ? கூடும் என்பதற்குச் சான்று ஒன்று அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில் உண்டு. அங்கே ஒரு கேளிக்கைப் பூங்காவில் 1983ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று 1999ஆம் ஆண்டு மூடப்பெற்ற ஊர்திப் பயணம் ஒன்றே அச்சான்று. 'ஹொரைசன்ஸ்' என்பது அதன் பெயர். தொடுவானங்கள் என நாம் தமிழில் வழங்கலாம்.

கேளிக்கைப் பூங்காவின் சவாரி ஒன்றைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என மூத்தோர் சிலர் வினவக்கூடும். இழந்ததை எண்ணி ஏங்கும் உள்ளம் இலக்கியத்தின் பழம்பெரும் பாடுபொருள். அது எவ்விடத்தில் வெளிப்பட்டாலும் நோக்கத்தக்கதே. இக்கட்டுரையாளர் அவ்வூர்தியில் ஏறியவர் அல்லர் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

ஏக்கம் என்னும் நோய்

'நாஸ்டால்ஜியா' என மேலைநாட்டார் வழங்கும் சொல் முதலில் ஒரு நோயின் பெயராகவே பிறந்தது. 1688ஆம் ஆண்டு யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அளித்த தம் ஆய்வேட்டில், வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து அதனை ஆக்கினார். அயலூரில் வாழ நேர்ந்தோர் தாய்மண்ணை நினைந்து உண்ணாமலும் உறங்காமலும் மெலிவதை அவர் உடல்நோயாகவே கருதினார். பிற்காலத்தில் அச்சொல்லின் பொருள் இடத்தினின்றும் காலத்திற்குப் பெயர்ந்தது. ஊரை விட்டு நீங்கியவன் வண்டியேறித் திரும்பலாம். கழிந்த காலத்திற்கு அவ்வாறு திரும்ப வழியில்லை. நம் இலக்கண நூலார் கையறுநிலை என ஒரு துறையே வகுத்திருத்தலையும், பறம்பை இழந்த பாரி மகளிர் நிலையையும் மாணவர் இங்கு நினைவுகூரலாம். செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலை என்பதே அத்தொடர் உணர்த்தும் பொருள்.

ஒரு நகரம் பூங்காவான வரலாறு

ஹொரைசன்ஸ் தோன்றிய களத்தை அறிந்தாலன்றி அதன் அருமை விளங்காது. கேலிச்சித்திரத் திரைப்படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி, தம் இறுதிக்காலத்தில் ஃபுளோரிடாவில் மெய்யாகவே மக்கள் குடியிருக்கும் ஒரு முன்மாதிரி நகரத்தை அமைக்கத் திட்டமிட்டார். நாளைய உலகம் எவ்வாறிருக்கும் என்பதை அந்நகரம் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1966 டிசம்பர் 15 அன்று அவர் மறைந்தார். நகரமும் அவரோடு மறைந்தது. பின்வந்தோர் அந்நகரின் பெயரான 'எப்காட்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அறிவியலையும் பல நாட்டுப் பண்பாடுகளையும் காட்டும் கண்காட்சிப் பூங்கா ஒன்றை அமைத்து 1982 அக்டோபர் 1 அன்று திறந்தனர். சரியாக ஓராண்டு கழித்து, 1983 அக்டோபர் 1 அன்று, அங்கே ஹொரைசன்ஸ் திறக்கப்பெற்றது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அதன் புரவலராக விளங்கியது.

அந்நிறுவனத்திற்காக டிஸ்னி குழுவினர் முன்னரே ஓர் அரங்கம் சமைத்திருந்தனர். 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் இடம்பெற்ற அச்சுழல் அரங்கில், ஒரு குடும்பம் மின்சாரம் பரவாத காலந்தொட்டுத் தன் காலம் வரை அடைந்த வளர்ச்சியை எந்திரப் பாவைகள் நடித்துக் காட்டின. மேடை அசையாதிருக்க, மக்கள் அமர்ந்த இருக்கைகளே அதனைச் சுற்றி வந்தன. அது நிகழ்காலத்தோடு நின்ற கதை. அதன் தொடர்ச்சியாக, அடுத்த நூற்றாண்டின் குடும்பத்தைக் காட்ட எழுந்ததே ஹொரைசன்ஸ்.

ஊர்தி சென்ற வழி

வெளியிலிருந்து நோக்குவார்க்குத் தரையிறங்கிய விண்கலம் போல் அக்கட்டடம் தோன்றியது. உள்ளே மேலிருந்து தொங்கிய ஊர்திகள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தொடர்ந்து, நிற்காமல், பக்கவாட்டில் நகர்ந்தன. ஆகவே, பயணிகள் முன்னோக்கிப் பாராமல், ஓடும் தொடர்வண்டியின் சாளரத்தருகே இருப்பவர் போல எதிரே விரியும் காட்சிகளைக் கண்டனர். ஏறத்தாழக் கால்மணி நேரப் பயணம். வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் தமக்குள் உரையாடிக்கொண்டே வழி சொல்லி வந்தனர். அறிவிப்பாளரின் அதட்டல் குரல் இல்லை. தாத்தாவும் பாட்டியும் தங்கள் மக்களின் வீடுகளைச் சுற்றிக் காட்டும் பாங்கு அது. பலர் உள்ளத்தில் அது பதிந்தமைக்கு இப்பாங்கே முதற்காரணம் என்பது என் கருத்து.

பயணத்தின் முதற்பகுதி சற்று நகைச்சுவையானது. பழங்காலத்தார் எதிர்காலத்தை எவ்வாறு கற்பனை செய்தனர் என்பதை அது காட்டியது. குண்டு வடிவக் கலத்தில் நிலவுக்குப் பறக்கும் ழூல் வெர்ன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் அல்பேர் ரொபிடா கற்பனையில் கண்ட, வானூர்திகள் நிறைந்த பாரிசு நகரம். வீட்டு வேலைகளைச் செய்யப் புகுந்து அடுக்களையை அலங்கோலமாக்கும் எந்திரப் பணியாள். நேற்றைய நாளைகள் எனலாம் அவற்றை. முன்னோர் கண்ட கனவுகள் பிழைபட்டதைக் காட்டிவிட்டுத் தன் கனவை முன்வைக்கும் துணிவு அப்பயணத்திற்கு இருந்தது. நாமும் பிழைபடலாம் என்னும் ஒப்புதல் அதில் அடங்கியிருப்பதை நோக்குக.

அடுத்து, ஏறத்தாழ எண்பது அடி அளவினவாகிய வளைந்த பெருந்திரைகளில் விண்ணோடம் எழும்பும் காட்சியும், உயிரணுவின் மரபிழைச் சுருளும் பயணிகளைச் சூழ்ந்தன. அதன்பின் எதிர்காலம். தாத்தா பாட்டியின் நகர இல்லம், பாலைவனம், கடலடி, விண்வெளி என நான்கு இடங்கள். பாலை நிலத்தை எந்திரங்களின் துணையால் பழத்தோட்டமாக்கியிருந்தனர். அவ்விடத்தை ஊர்தி கடக்கும்போது கிச்சிலிப் பழத்தின் நறுமணம் வீசியது. செயற்கையாக ஊட்டப்பெற்ற மணந்தான். கடலுக்கடியில் பள்ளிச் சிறுவர் நீரில் மூழ்கப் பயின்றனர். விண்வெளிக் குடியிருப்பில் மாந்தர் எடையின்றி மிதந்தனர். இறுதியில் பேரனின் பிறந்தநாள். பாலையிலும் கடலிலும் வானிலும் சிதறி வாழும் அக்குடும்பத்தார், உருவத்தைக் காற்றிலே தோற்றுவிக்கும் ஒருவகைத் தொலைபேசியின் வழியே ஒரே அறையில் கூடுகின்றனர்.

1983இல் இது வெறுங்கற்பனை. கடல் கடந்து பணிபுரியும் தந்தையின் முகத்தைக் கைப்பேசித் திரையில் கண்டு பெருநாள் வாழ்த்துக் கூறும் குழந்தைகளை இன்று நம் தெருக்களிலேயே காண்கிறோம். ஹொரைசன்ஸ் காட்டிய பல கனவுகளுள் நம் வீடுவரை வந்து சேர்ந்தது இஃது ஒன்றே எனத் தோன்றுகிறது. பிரிந்தோர் கூடும் வழி கிடைத்தது. அக்கூட்டம் ஏன் இன்னும் நிறைவு தருவதில்லை என்பதை அக்குழந்தைகளைக் கேட்டால் அறியலாம்.

பயணம் முடியுமுன் மற்றொரு புதுமையும் இருந்தது. விண்வெளி, பாலை, கடல் ஆகிய மூன்றனுள் எவ்வழியாகத் திரும்ப விரும்புகிறீர் என ஊர்தி வினவும். முன்னுள்ள பொத்தான்களை அழுத்தி அதிலிருப்போர் தெரிவு செய்ய வேண்டும். பெரும்பான்மைக்கேற்ப அரை நிமிட அளவிலான படக்காட்சி ஓடும். எவ்வழி செல்வது என்று உடன்பிறந்தார் பொத்தான்களுக்காகப் போட்டியிட்டதை இன்று நாற்பதும் ஐம்பதும் அகவை எய்தியோர் சிரிப்போடு நினைவுகூர்கின்றனர். எதிர்காலம் நம்மீது வந்து விழும் ஒன்றன்று, நாம் தெரிந்தெடுக்கும் ஒன்று என்பதை ஒரு சிறுவனின் விரல்நுனிக்கு உணர்த்த இதனினும் எளிய வழி உண்டோ?

மூடுவிழா

1993ஆம் ஆண்டு ஜெனரல் எலக்ட்ரிக் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. புரவலரை இழந்த புலவனின் நிலை அப்பயணத்திற்கு வந்தது. 1994 டிசம்பரில் அது மூடப்பெற்றது. பின்னர், அண்டையிலிருந்த வேறிரு அரங்குகளைப் புதுப்பிப்பதற்காக அடைக்க நேர்ந்தமையால், 1995 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பெற்றது. பிறர் வீட்டு வேலை முடியும்வரை தரப்பட்ட வாழ்வு அது. 1999 சனவரி 9 அன்று இறுதியாக அடைக்கப்பெற்றது. 2000ஆம் ஆண்டில் கட்டடமும் இடிக்கப்பெற்றது. அதே நிலத்தில் 2003ஆம் ஆண்டு 'மிஷன் ஸ்பேஸ்' என்னும் புதிய சவாரி எழுந்தது. சுழலும் எந்திரத்தில் ஏற்றி, விண்கலம் எழும்பும்போது உடலில் உண்டாகும் அழுத்தத்தை மெய்யாகவே உணர்த்துவது அது. குமட்டுவோர்க்கெனப் பைகளும் வைக்கப்பட்டன. வியத்தகு பொறியியல் என்பதில் ஐயமில்லை. எனினும் கைக்குழந்தையும் முதுகுவலியுள்ள பாட்டியும் ஒருங்கே அமர்ந்து சென்ற இடத்தில், உயரமும் உடல்நலமும் பார்த்து ஆள் ஏற்றும் நிலை வந்தது. அடியார்கள் வருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புதிய சவாரிக்குக் காத்திருப்போர் வரிசையில் நிற்குமிடத்தே ஒரு பெருஞ்சக்கரம் உண்டு. அதன் நடுவே ஹொரைசன்ஸின் பழைய சின்னத்தைப் பொறித்து வைத்தனர் அதனைச் சமைத்தோர். வந்துபோவோரில் பெரும்பாலோர் அதனை அறியார். அறிந்தோர் மட்டும் ஒரு கணம் நின்று நோக்குவர். நடுகல் என்று கூறத் தடையில்லை.

இன்னொரு செய்தி நம் தமிழாசிரியர்களுக்குச் சுவையூட்டும். கனவு காண முடியுமாயின் அதனைச் செய்யவும் முடியும் என்னும் கருத்துடைய வாசகம் ஒன்று வால்ட் டிஸ்னியின் பொன்மொழியாக உலகெங்கும் நாட்குறிப்பேடுகளிலும் சுவரொட்டிகளிலும் வழங்கி வருகிறது. அது அவர் கூற்றன்று. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, ஹொரைசன்ஸ் பயணத்திற்காக டாம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் எழுத்தாளர் எழுதியது. யாரோ பாடிய தனிப்பாடல்கள் எல்லாம் ஔவையின் பெயரிலும் கம்பன் பெயரிலும் சென்று சேர்ந்த கதையை நாம் அறிவோம். பயணம் அழிந்தது, அதன் வாசகமோ பிறர் பெயரில் வாழ்கிறது.

எல்லா ஏக்கமும் ஒன்றல்ல

மூடப்பெற்ற சவாரிகளுக்காக வருந்துதல் புதிதன்று. அதே டிஸ்னி உலகில் தவளையார் பெயரிலமைந்த ஒரு பழைய சவாரியை 1998ஆம் ஆண்டு மூடியபோது, அன்பர்கள் பச்சைச் சட்டை அணிந்து வந்து எதிர்ப்பைத் தெரிவித்தனர். 2023ஆம் ஆண்டு 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்னும் நீர்ச்சவாரி மூடப்பெற்றபோது, அதன் நீரைப் புட்டிகளில் அடைத்து விற்கவும் முற்பட்டனர் சிலர். அச்சவாரி 1946ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு திரைப்படத்தைத் தழுவியது. கறுப்பின மக்கள் பண்ணைகளில் பட்ட துயரை மறைத்து, அவர்களை இழிவாகச் சித்திரித்தது எனக் கண்டிக்கப்பட்ட படம் அது. ஒருவர் இனிய இளமை நினைவென்று போற்றுவது பிறிதொருவர்க்குப் பழைய புண்ணாக இருந்ததெனின், அதனை மாற்றியமைத்தல் முறையே என்பேன். நினைந்து வருந்துவோரை எள்ளி நகையாட வேண்டியதில்லை. அவர் வருத்தத்தை நியாயத் தராசின் ஒரே தட்டாகக் கொள்ளவும் வேண்டியதில்லை.

ஹொரைசன்ஸை இழந்தோர் வருத்தமோ வேறு வகையினது. அவர்கள் தேடுவது கழிந்த காலத்தை மட்டுமன்று. அக்காலத்தில் தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட வருங்காலத்தையும் ஆகும். பாலை தோட்டமாகும் என்றும், அறிவியல் குடும்பத்தைச் சிதைக்காது என்றும் பத்து அகவையில் நம்பிய உள்ளத்தை அவர்கள் தேடுகின்றனர். இன்று திரைக்கு வரும் எதிர்காலக் கதைகளோ பெரும்பாலும் அழிவைப் பற்றியனவாகவே இருக்கின்றன.

மூடுவதற்கு முன்னர் அன்பர்கள் பலர் ஒளிப்படக் கருவிகளோடு வந்து அப்பயணத்தை மீண்டும் மீண்டும் பதிவு செய்தனர். மங்கலான அப்பதிவுகளைக் கொண்டு, கணிப்பொறியில் அதன் அரங்குகளை ஒவ்வொன்றாக மீளக் கட்டும் முயற்சியும் நடைபெற்றது. தாத்தா பாட்டியின் உரையாடலைக் கேட்கலாம். எந்திரப் பணியாளின் குறும்பைக் காணலாம். மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கவும் செய்யலாம். பாலைநிலத் தோட்டத்தைக் கடக்கும்போது மட்டும், முன்பு அங்கே சென்றவர்கள் தம்மையறியாமல் மூச்சை ஆழ இழுக்கின்றனராம். பழத்தின் மணத்தைப் பதிவு செய்ய அன்று எவரிடமும் கருவி இல்லை.