மேடையே வாழ்வாக: திண்டுக்கல் சீமையின் இசைநாடகக் கலைஞர்

மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் திருவிழா இரவுகளில் நிகழும் ‘ஸ்பெஷல் நாடகம்’ பாட்டு, நடிப்பு, ஆடல் மூன்றையும் வேண்டும் கலையாகும். இதன் பேராசானாகப் போற்றப்படுபவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவருடைய ‘வள்ளி திருமணம்’ இன்றும் ஆடப்படுகிறது.

இக்கலை வளர்ந்ததில் முஸ்லிம் படைப்பாளிகளுக்கும் பங்குண்டு. இலக்னோவில் ஆகா ஹசன் அமானத் உருதுவில் இயற்றிய ‘இந்தர் சபா’ 1850களில் அரங்கேறியது. அதனைப் பார்சி நாடகக் குழுக்கள் நாடெங்கும் கொண்டு சென்றன. அக்குழுக்களின் தாக்கத்தாலேயே ஆர்மோனியமும் வண்ணத் திரைகளும் இந்துஸ்தானி மெட்டுகளும் தமிழ் மேடையில் நிலைபெற்றன எனலாம்.

ஸ்பெஷல் நாடகத்திற்கு நிலையான குழுவும் இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனப் பெண், ஆர்மோனியக் கலைஞர் எனத் தனித்தனியே அமர்த்தப்பட்டோர் அன்றிரவுதான் மேடையில் ஒன்றுகூடுகின்றனர். பாடமும் இராகமும் நெஞ்சில் பதிந்திருந்தாலன்றி, விடியும்வரை நீளும் தர்க்கப் பாடல்களில் எதிராளிக்கு ஈடுகொடுக்க இயலாது. திருவிழாக் காலம் ஓய்ந்தாலோ வருவாயும் ஓய்ந்துவிடுகிறது.

வறுமையினும் கொடியது இழிசொல். அந்நிய ஆடவரோடு பலர் முன் ஆடுவதால் நடனப் பெண்ணுக்கே அது மிகுதி. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில், இப்பெண்கள் நாடகத்திற்குச் செல்லும் வழியிலும் பிறர் பார்வையினின்று ஒதுங்கித் தம் கண்ணியத்தைக் காக்கப் படும் பாட்டை விரித்துரைக்கிறார். விடியும்வரை கண்விழித்து ஆட்டத்தைச் சுவைத்த ஊரே, விடிந்தபின் ஆடியவளைப் பழிக்கிறது. கலையை ஏற்று, கலைஞரை விலக்குவது நீதியாகுமா?