தீவக வளவில் பலகைத் தளம்

கடல்கடந்த நாடுகளில் வாழும் எம்மவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, அங்கு பழகிய வாழ்க்கை முறைகள் சிலவற்றையும் உடன் கொண்டு வருகின்றனர். வீட்டின் பின்புறத்தே பலகைகளைச் சிறிது இடைவெளிவிட்டு அடுக்கி அமைக்கும் திறந்த தளம் அவற்றுள் ஒன்று. கனடாவில் 'டெக்' என அழைக்கப்படும் இது எமது திண்ணைக்கும் விறாந்தைக்கும் தூரத்து உறவு எனலாம்.

அனலைதீவைச் சேர்ந்த எமது நண்பர் ஒருவரும் தமது வளவில், கடலைப் பார்த்தபடி இத்தகைய தளமொன்றை அமைக்க விரும்பினார். எமது நண்பர் வட்டம் உடல்நலத்தில் சற்று மிகையாகவே அக்கறை கொண்டது. அதிகாலை நடை, குரக்கன் பிட்டு, சீனியில்லாத தேநீர் என்று வாழும் இவர்களுள் பாதிப்பேர் நீரிழிவு நோயாளர். நடை முடிந்ததும் வெறுங்காலுடன் அமர்ந்து பேச ஓரிடம் வேண்டும் என்பதே நோக்கம். உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் ஆராய்கின்ற இவர்கள், மிதிக்கப்போகும் பலகையில் என்ன ஊட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி முதலில் எதுவும் கேட்கவில்லை.

நண்பரின் முதல் தெரிவு மருந்தூட்டிய பைன் பலகை. பைன் மென்மரம், கறையானும் பூஞ்சணமும் அதனை விரைவில் அழித்துவிடும். ஆதலால் குரோமியம், செம்பு, ஆசனிக் எனப்படும் பாஷாணம் ஆகிய மூன்றும் சேர்ந்த கரைசலை அழுத்தத்தின் மூலம் மரத்தினுள் செலுத்தும் முறை உலகெங்கும் பரவியது. இம்மருந்தை 1933ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் இந்தியாவின் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த காமேசம் என்ற விஞ்ஞானி என்பது பலரும் அறியாத செய்தி. தந்திக் கம்பங்களுக்கும் பாலங்களுக்கும் அது பேருதவி புரிந்தது. ஆனால் குழந்தைகள் தவழும் வீட்டுத் தளங்களில் பாஷாணம் சிறிது சிறிதாக மேற்பரப்புக்கும் மண்ணுக்கும் கசிவது தெரியவந்ததை அடுத்து, 2003ஆம் ஆண்டு இறுதியுடன் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுப் பாவனைக்கான இதன் உற்பத்தி கைவிடப்பட்டது. அதற்கு முன் அமைக்கப்பட்ட தளங்கள் பல இன்றும் அங்கே இருக்கின்றன. நண்பர் கண்டு வியந்த அயல்வீட்டுத் தளமும் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும்.

பெருநிலப்பரப்பில் பொறுத்துக்கொள்ளக்கூடியதைத் தீவில் பொறுத்துக்கொள்ள இயலாது. அனலைதீவு போன்ற சுண்ணாம்புக்கல் தீவுகளில் நன்னீர் என்பது, மழைநீர் நிலத்தினுள் இறங்கி உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லையேயாகும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கப்படும் என்பது நிலநீரியலின் பொதுக் கணக்கு. கிணறுகள் ஆழமற்றவை, சுண்ணாம்புக்கல்லோ வெடிப்புகள் நிறைந்தது. வளவில் கசிவது கிணற்றைச் சென்றடைய அதிக காலம் வேண்டியதில்லை. குடிநீரில் ஆசனிக் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தளத்தினால் அவ்வளவு கலந்துவிடும் என்று நாம் கூறவரவில்லை. மாற்றுக் கிணறு தேடிக் கடல்கடக்க வேண்டியவர்கள் இருக்கின்ற ஒரு கிணற்றில் பரீட்சை செய்யலாகாது என்றே கூறுகின்றோம்.

பச்சைச் சாயல் கொண்ட பலகையெல்லாம் பாஷாணம் ஊட்டியதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. பின்னர் வந்த செம்புக் கலவைகளும் பச்சையே. எனவே நிறத்தைப் பாராது, மருந்தின் பெயரையே வியாபாரியிடம் கேட்டறிதல் வேண்டும். போரிக் உப்பு ஊட்டிய மரம் தீங்கு குறைந்ததாயினும் மழையில் கரைந்துவிடுமாதலால் கூரையின் கீழ் மட்டுமே உகந்தது.

வடபகுதியில் மற்றோர் ஆசையும் உண்டு. 1990இல் யாழ்ப்பாண ரயில் சேவை நின்றுபோன பின், தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. எஞ்சியவற்றுள் கிரியோசோட் ஊட்டப்பட்ட கட்டைகளை இருக்கையாகவும் படியாகவும் பயன்படுத்துவோர் உளர். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் கிரியோசோட் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதென வகைப்படுத்தப்பட்டதாகும். வெயிலில் அது கசிந்து காலில் ஒட்டும்.

அடுத்து, மரத்தூளையும் பிளாஸ்ரிக்கையும் கலந்து செய்த செயற்கைப் பலகை. உக்காது, கறையான் தீண்டாது. ஆனால் எமது நண்பகல் வெயிலில் கடுமையாகச் சுடும். நீரிழிவினால் பாதங்கள் உணர்விழந்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் எழுந்த பின்னரே தெரியும். அக்கொப்புளம் புண்ணாகி மேல்சிகிச்சை வேண்டிவரின், படகேறி ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லவேண்டும். காற்றுக் காலத்தில் அது எளிதன்று.

இறுதியில் பேச்சு உள்ளூர் மரங்களுக்குத் திரும்பியது. வன்னியின் முதிரையும் பாலையும் உறுதியானவை, விலையும் அவ்வாறே. இயற்கையான மரமெல்லாம் தீங்கற்றதென்றும் எண்ணலாகாது: முதிரைத் தூள் சிலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கும்; அரியும்போது முகமூடி அவசியம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்றுமதியான பனையோ வாசலிலேயே நிற்கின்றது. முதிர்ந்த பனையின் வெளிப்புற வைரம் மருந்தின்றியே நீடிக்கும், உட்சோற்றி உதவாது. பெண்பனையைத் தறிப்பதற்கு அனுமதி தேவை.

பனையின் குறை அதன் சிலாம்பு. கறுத்த நார் பாதத்தில் ஏறினால் நீரிழிவாளருக்கு அதுவும் ஆபத்தே. ஆகவே நன்கு சீவித் தேய்த்து, விளிம்புகளை மழுக்கி, வருடந்தோறும் எண்ணெய் பூசுதல் வேண்டும். முன்னோர் வள்ளங்களுக்குப் பூசிய சுறா எண்ணெயை ஒருவர் சிபாரிசு செய்தார். நாற்றத்தை எண்ணி ஏனையோர் மறுத்துவிட்டனர்.

ஆணியைப் பற்றிய யோசனை, 1990 ஒக்ரோபர் வெளியேற்றத்தின் பின் பல வருடங்கள் கழித்து ஊர் திரும்பி, யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை நடத்தும் முஸ்லிம் நண்பருடையது. உப்புக்காற்றில் சாதாரண ஆணி சில வருடங்களில் துருவேறித் தலைநீட்டும் என்றும், விலை கூடினாலும் துருப்பிடியா உருக்குத் திருகாணியே வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். லாபத்துக்காகக் கூறுகிறார் என்று நண்பர்கள் கேலி செய்தனர். துருவேறிய ஆணி ஏற்பு வலியைத் தரும் என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்தமையால் ஏற்றுக்கொண்டனர்.

தளம் முன்னர் நினைத்ததிற் பாதி அளவே வந்தது. நிலத்தைத் தொடாது சீமெந்துக் குற்றிகளின் மேல் நிற்கின்றது. வெட்டி எஞ்சிய பனைத்துண்டுகளை நண்பரின் தாயார் அடுப்புக்கு எடுத்துக்கொண்டார். பாஷாணம் ஊட்டிய பலகையாயின் அதன் சாம்பலே நஞ்சு; தீவில் அதனை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?