அப்சல்யூட் என்கோடர்

அப்சல்யூட் என்கோடர் என்பது மோட்டாரின் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைக் குறியீடாகத் தெரிவிக்கும் உணரி ஆகும். ரோபோக்களிலும் சி.என்.சி. இயந்திரங்களிலும் பயன்படுகிறது.

இன்கிரிமென்டல் என்கோடர் துடிப்புகளை மட்டுமே தரும். எண்ணுவது கட்டுப்படுத்தியின் வேலை. மின்சாரம் போனால் எண்ணிக்கை அழியும். பிறகு இயந்திரத்தைத் தொடக்கப் புள்ளிக்கு நகர்த்தித்தான் மீண்டும் எண்ண வேண்டும். ரோபோவின் கை பிரஸ்ஸுக்குள் பாதியில் நின்றிருந்தால், அந்த நகர்வே அதை மோதவைத்து உடைத்துவிடலாம். அப்சல்யூட் வகையில் ஒவ்வொரு கோணத்துக்கும் தனிக் குறியீடு வட்டில் பதிந்திருப்பதால், மின்சாரம் வந்ததும் அசையாமலே இடம் தெரியும். 12 பிட் வட்டு ஒரு சுற்றை 4096 பங்காக்கும். ஒரு பங்கு சுமார் 0.088 பாகை.

இந்த வட்டுகளில் சாதாரண இரும எண்ணைவிடக் கிரே குறியீடே ஏற்றது. இரும எண்ணில் 3 என்பது 011, 4 என்பது 100. மூன்று பிட்டுகளும் ஒரே கணத்தில் மாற வேண்டும். முதல் பிட் சற்றே முந்தினால் 111, அதாவது 7 என்று படிக்கப்படும். கிரே குறியீட்டில் இவை 010, 110. ஒரு பிட்தான் மாறுகிறது, எனவே பிழையும் ஒரு படிக்கு மேல் போகாது. மாணவர்கள் 0 முதல் 7 வரை தாளில் எழுதிப் பார்க்கலாம். பெல் ஆய்வகத்தின் பிராங்க் கிரே இதற்கு 1953இல் காப்புரிமை பெற்றார்.

தண்டு பல சுற்றுகள் சுற்றினால், சுற்றுகளைப் பற்சக்கரங்களோ மின்கலத்தில் இயங்கும் எண்ணியோ கணக்கு வைக்கும். மின்கலம் தீர்ந்தால் அந்தக் கணக்கும் போய்விடும்.