நிழலில் வளரும் புல்

கீழக்கரைப் பக்கத்துத் தோட்டங்களில் நிழல் தருவன பனையும் வேம்பும். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றார் தொல்காப்பியர். உரையாசிரியர் பனையையும் அவ்வகையிற் சேர்ப்பர். ஆகவே, பனையடியிற் புல் வளர்ப்போன் புல்லின் நிழலிற் புல் வளர்க்கின்றான் எனலாம்!

மாணவர்களே, யான் முன்பு வேப்பமர நிழலில் அறுகு நட்டேன். அது நாளுக்குநாள் வெளிறியது. நீர் போதாதென்று கருதி, நன்னீர் அரிதாகிய இவ்வூரில் குடங்குடமாக வார்த்தேன். ஆயினும் அது பட்டுப்போயிற்று. புல் தன் உணவை ஆக்கிக்கொள்ளக் கதிரொளி வேண்டும். ஒளிக் குறைவை நீர் ஈடுசெய்யாது. அறுகு வெட்டவெளிக்கே உரியது.

நிழலைப் பொறுப்பது எருமைப்புல். அகன்ற இலையுடைய இப்புல் உவர்ப்பையும் ஓரளவு தாங்குமாதலின், கடற்கரை மணலுக்கு ஏற்றது. ஐப்பசி மழை தொடங்கியதும், கணுக்களோடு கூடிய தண்டுத் துண்டுகளைச் சாணுக்கு ஒன்றாக நடுதல் வேண்டும். புல் படர்ந்தபின் ஒட்ட வெட்டுதல் கூடாது. இலை குறையின் ஒளியை ஏற்கும் பரப்பும் குறையும். நான்கு விரல் உயரமேனும் விடுக. மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் காலையிளவெயில் உள்ளே விழும். சிறிதும் ஒளி புகாத இடத்தில் எருமைப்புல்லும் பிழையாது. அங்கே மணலைப் பரப்பிக் கல்லிருக்கை இடுதலே தக்கது.