கடுகிலும் சிறிய ஏற்காடு

ஏற்காட்டுக்கு ரயில் பாதை கிடையாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சாலை வழியாகத்தான் சேர்வராயன் மலைக்கு ஏற வேண்டும். ஆனாலும் ஏற்காட்டின் பெயரில் ஒரு ரயில் உண்டு. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவில் ஓடும் ஏற்காடு எக்ஸ்பிரஸ், மலையில் ஒரு அடிகூட ஏறாமல், அதன் அடிவாரத்துச் சேலத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. இந்த ரயிலை உள்ளங்கையில் அடங்கும் மாதிரியாகச் செய்ய ஒருவர் விரும்பினால், அவருக்கு உண்மையான சோதனை இன்ஜினிலோ சக்கரத்திலோ இல்லை. பெட்டியின் பக்கத்தில் இருக்கும் பெயர்ப்பலகையில் இருக்கிறது. அந்தச் சோதனை ஒரு பெரிய பாடத்தையும் சொல்லித் தருகிறது. ஒரு பொருளைச் சிறிதாக்குவது என்றால் அதைச் சுருக்குவது என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. சிறிதாக்குவது என்றால் மறுபடி வரைவது. எதை வைப்பது, எதை விடுவது, எதைக் கொஞ்சம் மிகைப்படுத்துவது என்று தெரிந்து வரைவது.

மாதிரி ரயில்களில் ‘என்’ அளவு என்பது உண்மையில் 160-இல் ஒரு பங்கு. ‘இசட்’ 220-இல் ஒரு பங்கு. அதை ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972-இல் அறிமுகப்படுத்தியது. ஜப்பானிலிருந்து வந்த ‘டி’ அளவு 450-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 3 மி.மீ. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய பாணிப் பெட்டி 21.3 மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர் அகலமும் கொண்டது. ‘என்’ அளவில் அது 13.3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். இந்த அளவிலேயே சமரசம் தொடங்கிவிடுகிறது. நம் அகலப் பாதை 1676 மி.மீ.; அதை 160-ஆல் வகுத்தால் சுமார் 10.5 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் ‘என்’ தண்டவாளம் 9 மி.மீ. தான். அதனால் இந்திய ரயில் தன் மாதிரியில் சற்றே ஒடுங்கிய பாதையில் ஓடுகிறது. மாறாக, சேலம் கோட்டத்தின் பொறுப்பிலுள்ள நீலகிரி மலை ரயிலின் மீட்டர் கேஜ் பாதையை வகுத்தால் 6.25 மி.மீ. வருகிறது. ‘இசட்’ தண்டவாளத்தின் 6.5 மி.மீ. அதற்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிடுகிறது.

பெயிண்ட் அடிப்பதிலும் இதே கணக்குதான். பிரஷ்ஷால் பூசும்போது ஓரிடத்தில் 0.1 மி.மீ. கனம் ஏறிவிட்டால், ‘என்’ அளவில் அது 16 மி.மீ. உண்மையான பெட்டியின் மேல் ஒன்றரை செ.மீ. தடிமனுக்குப் பெயிண்டை அப்பியதற்குச் சமம். ஜன்னல் கம்பியும் கதவின் கைப்பிடியும் அதில் மூழ்கிப்போகும். அதனால்தான் ஏர்பிரஷ்ஷால் நீர்த்த பெயிண்டை மூன்று நான்கு முறை மெல்லிய படலமாகத் தெளிக்கிறார்கள். முதலில் பிரைமர், பிறகு வெளிர் நிறம், அது நன்றாகக் காய்ந்ததும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடர் நிறம் என்பது வரிசை. ஏற்காடு போன்ற மலையூரில் காற்றின் ஈரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். லாக்கர் வகைப் பெயிண்டிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. பனிமூட்டம் இறங்கிய மாலையில் தெளித்தால் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த படலத்தில் படிந்து, பெயிண்ட் பால் கலந்ததுபோல் வெளிறிவிடும். வெயில் ஏறிய நேரத்தில் தெளிப்பதே நல்லது. நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரயில்வே பயன்படுத்தும் அதே நீலத்தைச் சிறிய பெட்டியில் அடித்தால், அது உண்மையைவிட இருண்டு தெரியும். அனுபவசாலிகள் அதில் சிறிது வெள்ளை கலப்பார்கள். கண்ணுக்கு அதே நிறமாகத் தோன்ற வேண்டுமென்றால் நிறத்தை மாற்றியாக வேண்டும்.

எழுத்துகளுக்கும் கோடுகளுக்கும் பிரஷ் எட்டாது. அங்கேதான் டீகால் வருகிறது. பழைய சிங்கர் தையல் மெஷினின் கறுப்பு உடலில் மின்னும் தங்க எழுத்தும் பூவேலையும் டீகால் வேலைதான். நீரில் கரையும் பசை தடவிய தாள், அதன் மேல் மெல்லிய வார்னிஷ் படலம், படலத்தின் மேல் அச்சு. வெட்டிய துண்டைச் சில விநாடிகள் தண்ணீரில் நனைத்தால் பசை இளகும். படலத்தைத் தாளிலிருந்து நகர்த்தி நேராகப் பெட்டியின் மேல் விடலாம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் பளபளக்கும் என்பதால், முதலில் பளபளப்பான கிளியர் கோட் அடித்துக்கொள்வார்கள். படலத்தை இளக்கும் திரவத்தைத் தொட்டு வைத்தால் அது மேடு பள்ளங்களில் படிந்து பெயிண்டோடு பெயிண்டாகிவிடும். கடைசியாக மேட் கோட். கடைகளில் கிடைக்கும் டீகால் தாள்களில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய ரயில்களுக்கானவை. நம் ரயிலுக்கு நாமேதான் அச்சிட வேண்டும். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெண்மையைத்தான் அது வெள்ளையாகக் கொள்கிறது. ஆகவே, தெளிவான படலத்தில் அச்சிட்ட மஞ்சள் எழுத்து நீலப் பெட்டியின் மேல் போனதும் மறைந்துவிடும். வெள்ளைப் படலமுள்ள தாளை வாங்கி, எழுத்தைச் சுற்றிப் பெட்டியின் நீலத்தையே அச்சிட்டு, வெட்டிய விளிம்பைப் பெயிண்டால் மறைப்பது ஒரு வழி. இன்க்ஜெட்டில் அச்சிட்டால், தண்ணீரில் விடுவதற்கு முன் அதன் மேல் கிளியர் ஸ்பிரே அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மை கரைந்தோடும்.

இப்போது பலகைக்கு வருவோம். ‘ஏற்காடு எக்ஸ்பிரஸ்’ என்று எழுத வேண்டும். உண்மைப் பலகையில் எழுத்தின் உயரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ‘என்’ அளவில் அது 0.625 மி.மீ., அதாவது கடுகைவிடச் சிறியது. அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சிடும் பிரிண்டரில் அந்த உயரத்துக்குள் 15 புள்ளிகூட முழுதாக அடங்காது. ஆங்கிலத்துக்கு அது போதும்; பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆன எழுத்து எப்படியோ தப்பித்துவிடும். தமிழில் நிலைமை வேறு. இந்தப் பத்தே எழுத்துகளில் ஏகாரமும் இருக்கிறது, எகரமும் இருக்கிறது. ரகரமும் இருக்கிறது, ‘கா’வில் துணைக்காலும் இருக்கிறது. ஏகாரத்தை எகரத்திலிருந்து பிரிப்பது கீழே சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடு. ரகரத்தைத் துணைக்காலிலிருந்து பிரிப்பதும் அப்படிப்பட்ட ஒரு சிறு கோடுதான். எழுத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை அந்தக் கோட்டுக்குக் கொடுத்தாலும் கிடைப்பது 3 புள்ளி. டோனர் சற்றே பரவினால் அது போய்விடும். ஏற்காடு ‘எற்காடு’ ஆகும், ரகரம் வெறும் துணைக்கால் ஆகும். இவை போதாதென்று நான்கு மெய்யெழுத்துகள், நான்கு புள்ளிகள். ‘இசட்’ அளவில் மொத்த உயரமே 10, 11 புள்ளி. ‘டி’ அளவில் 5 புள்ளி. அங்கே எழுத்தே சாத்தியமில்லை, வண்ணக் கோடாகத்தான் காட்ட முடியும்.

ஆகவே, கம்ப்யூட்டரிலுள்ள அழகான எழுத்துருவை அப்படியே குறைத்து அச்சிட்டால் கிடைப்பது கறுப்புப் பொட்டுகளின் வரிசைதான். செய்ய வேண்டியது, இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக வரைந்து இந்த அளவுக்கென்றே திருத்துவது. தடித்தும் மெலிந்தும் போகும் கோட்டை விட்டுவிட்டு ஒரே கனமுள்ள கோட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். சுழிகளின் உள்வெளியைப் பெரிதாக்கி, எழுத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். ஏகாரத்தின் கோட்டை உண்மையைவிட நீட்டி இறக்க வேண்டும். மெய்ப்புள்ளியை எழுத்திலிருந்து நன்றாக விலக்கி மேலே வைக்க வேண்டும். டீகால் தாள் விலை கூடியது என்பதால் முதலில் சாதாரணத் தாளில் மூன்று நான்கு அளவுகளில் அச்சிட்டு, எது படிக்கத் தகுந்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது. இப்படித் திருத்தினால் உண்மைக்கு மாறாகிவிடாதா என்று கேட்கலாம். அச்சுக்கோப்புக் காலத்திலேயே இதற்கு விடை கிடைத்துவிட்டது. ஈய எழுத்து வார்த்தவர்கள் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தின் சுருக்கமாக வெட்டவில்லை. அகலமாகவும், உள்வெளி கூடுதலாகவும் தனியாகவே வெட்டினார்கள். உருவம் சற்று மாறினால்தான் தோற்றம் மாறாமல் இருக்கும். நீலத்தில் வெள்ளை கலப்பதும் இதே நியாயம்தான்.

அரை மி.மீ. எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள், தமிழ் வரியை விட்டுவிட்டு ஆங்கிலத்தை மட்டும் வைத்தால் என்ன என்பது இன்னொரு கேள்வி. கல்வெட்டிலும் ஓலையிலும் புள்ளியே வைக்காமல், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு காட்டாமல் எழுதவில்லையா என்றும் கேட்கலாம். எழுதினார்கள், இடம் பார்த்துப் படிக்கப் பழகியவர்கள் அவற்றைப் படித்தார்கள். எகர, ஏகார வடிவங்களை இன்றுள்ளபடி பிரித்த சீர்திருத்தம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தது. அதற்குப் பிறகு வந்த நம் கண் அந்தக் கோட்டை எதிர்பார்க்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்காவிட்டாலும், இது தமிழ், இது இந்தி, இது ஆங்கிலம் என்று மூன்று வரிகளின் சாயலைக் கண் ஒரே பார்வையில் பிரித்துவிடும். தமிழ் வரி இல்லாத பெட்டி எங்கோ ஓடும் ஒரு ரயிலின் பெட்டி. தமிழ் வரி உள்ளது நம் ஊர்ப் பெட்டி. இன்று மொபைல் கேமராவை நெருக்கிப் பிடித்தால் அரை மி.மீ. எழுத்தும் திரை நிறையத் தெரிகிறது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற சமாதானம் இனிச் செல்லாது.

என் கவலை மாதிரிகளைப் பற்றியது மட்டுமல்ல. 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். பழைய பாணிப் பெட்டிகள் கட்டுவதை 2018-இல் நிறுத்திவிட்டது. செங்காவி நிறம் போய் நீலம் வந்தது; நீலப் பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கழிவுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பணிமனைகளில் பெயிண்டர்கள் கையால் எழுதிய தமிழ் எழுத்துகளின் இடத்தில் ஸ்டிக்கர்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு பெயிண்டருக்கும் தனி வளைவு, தனிச் சுழி இருந்தது. அவற்றை அளந்து வைத்தவர்கள் மிகக் குறைவு. பழைய ஐந்து இலக்கப் பெட்டி எண்ணில்கூட ஒரு வரலாறு இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு, அடுத்த மூன்று பெட்டியின் வகை. 97215 என்று இருந்தால் 1997-இல் கட்டிய ஸ்லீப்பர் பெட்டி. இன்ஜினின் குதிரைத் திறனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எழுத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. டீகால் செய்பவர் மட்டும்தான் வேறு வழியில்லாமல் அந்த எழுத்தை முழுதாகப் பார்க்கிறார். அதனால்தான் இந்தச் சிறிய கைவேலையை விளையாட்டு என்று தள்ளிவிடாமல், ஓர் ஆவணப் பணியாகவும் மதிக்க வேண்டும் என்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சேலம் ஜங்ஷனிலோ காட்பாடியிலோ ரயிலுக்குக் காத்திருக்கும்போது, பழைய பெட்டி ஒன்று கண்ணில் பட்டால் அதன் எழுத்துகளைப் படம் எடுங்கள். பிளாட்பாரத்தில் நின்றபடியே எடுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். சாய்வாக எடுக்காமல் நேர் எதிரில் நின்று எடுங்கள். ஜன்னல் ஒன்றும் படத்தில் விழட்டும். அதன் அளவை வைத்து எழுத்தின் உயரத்தைப் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம். இடமும் தேதியும் குறித்து வையுங்கள். மாதிரி ரயில் செய்பவருக்கு அது போதும். மீதியை அவர் வரைந்துகொள்வார்.