மின்காந்தம்

1825ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான வில்லியம் ஸ்டர்ஜன் என்பார், குதிரை லாட வடிவாய் வளைத்த தேனிரும்பின்மேல் செப்புக் கம்பியைச் சுற்றி, அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்தினார். ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள அவ்விரும்பு 4 கிலோகிராம் எடையைத் தாங்கிற்று. மின்னோட்டம் நின்றதும் எடை கீழே வீழ்ந்தது. இதுவே மின்காந்தம்.

மின்னோட்டம் மிகின் காந்த வலிமையும் மிகும், குறையின் குறையும். எனினும், இவ்வளர்ச்சிக்கும் ஓர் எல்லையுண்டு. இரும்பு முழுக் காந்தமானபின் வலிமை சிறிதே உயரும்.

சுருளின் ஒரு நுனியை எதிர்நின்று நோக்குங்கால், மின்னோட்டம் இடஞ்சுழியாகச் செல்லின் அது வடமுனை. வலஞ்சுழியாகச் செல்லின் தென்முனை. திசையை மாற்றினால் முனைகளும் மாறும், வலிமை மாறாது.

அளவு வலிமையை ஆள்கின்றது. திசை முனையை ஆள்கின்றது. இரும்பை அள்ளும் பாரந்தூக்கி முன்னதற்கும், இடையறாது சுழலும் மின்சார மோட்டார் பின்னதற்கும் சான்றாகும்.