ஹந்தானைக்கு மேலே அகத்தியர்

மழை ஓய்ந்த பெப்ரவரி இரவொன்றில், எட்டு மணிபோல, கண்டி வாவிக்கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியிலிருந்து மேற்கே சற்றுச் சரிந்து கார்த்திகைக் கூட்டம் நிற்கும். அதில் ஆறு நட்சத்திரங்களை எண்ண முடிந்தால் கண்ணும் நன்று, வானமும் நன்று. மூன்று நான்கோடு கணக்கு நின்றுவிட்டால் கண்ணாடிக் கடைக்கு ஓட வேண்டாம். கோளாறு பெரும்பாலும் வானத்தில்தான். தெற்கே ஹந்தானை மலைக்கு மேல் பளிச்சென்று இருப்பவர் அகத்தியர் என்ற நட்சத்திரம். வீதி விளக்குகளால் அவரை மட்டும் இன்னும் வெல்ல முடியவில்லை.

விளக்கு எரிவதே ஒளி மாசு ஆகிவிடாது. வெளிச்சம் வேண்டாத திசைக்குப் போவதுதான் சிக்கல். உருண்டைக் கூட்டுக்குள் எரியும் ஒரு விளக்கைக் கவனியுங்கள்: நடைபாதைக்கு ஒரு பங்கு, மீதி எதிர்வீட்டு ஜன்னலுக்கும் மரக்கிளைக்கும் ஆகாயத்துக்கும். மேலே போனது காற்றின் ஈரத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி, வெளுத்த திரையாக நம் தலைக்கு மேல் விரிகிறது. கண்டியோ மலை சூழ்ந்த கிண்ணம். மூடுபனியும் வாகனப் புகையும் இங்கே இலேசில் கலைவதில்லை. பழைய மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் எல்இடி வந்தால் மின்சாரம் மிச்சம்தான். ஆனால் பளீர் வெள்ளையில் நீலம் கூடுதல், காற்றில் அதிகம் சிதறுவதும் அந்த நீலமே.

உலகெங்கும் ஆர்வலர்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிந்த கணக்கை வைத்து 2023இல் வெளியான ஆய்வு, இரவு வானம் ஆண்டுக்குச் சுமார் 10 வீதம் வெளுத்துவருவதாகச் சொன்னது. ஒரு பிள்ளை பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த இடத்தில், அதற்குப் 18 வயதாகும்போது 100தான் தெரியும்.

நட்சத்திரம் போனால் போகட்டும் என்பவர்கள் தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தக்கெலே காட்டை நினைக்கலாம். சுமார் 100 ஹெக்டேயர். இருட்டில் இரை தேடும் தேவாங்கு அங்கே உண்டு. நகர வெளிச்சத்துக்குக் காட்டின் எல்லை தெரியாது.

இருட்டு என்றாலே நமக்குக் கசப்பு. 2022 மார்ச் 31இல் 13 மணிநேர மின்வெட்டு; வீதி விளக்குகளையும் அணைக்கச் சொன்னார்கள். மறுநாள் அமாவாசை என்பதால் நிலவும் இல்லை. அப்படியோர் இருட்டு எத்தனையோ வருஷமாக வாய்த்ததில்லை. ஆனால் காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்று களைத்தவர்களுக்கு நட்சத்திரம் எண்ண எங்கே மனம்? ஆகவே இங்கே யாரும் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை, அதற்கொரு தொப்பி போடத்தான் சொல்கிறார்கள். பெரஹராவின் கொப்பரைப் பந்தங்களோடும் யாருக்கும் வழக்கில்லை. அது வருஷத்தில் சில இரவுகள்.

லடாக்கின் ஹன்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் அமைந்தது. அது ஆளரவம் குறைந்த குளிர்ப் பாலைவனம், கண்டிக்கு ஒத்துவராது. நமக்குப் பொருந்துவது அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப். கடையும் வீதியுமாக மக்கள் நெருங்கி வாழும் அந்த நகரம் 2001இல் உலகின் முதல் இருள்வான நகரமாக அங்கீகாரம் பெற்றது. செய்தது எளிது: கீழ்நோக்கி மட்டும் ஒளி விடும் கூடு, விளக்குகளுக்கு அளவு, அதற்கொரு சட்டம்.

வீட்டு வாசலுக்கு எல்இடி வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 6500 கெல்வின் என்றிருந்தால் வைத்துவிட்டு, 3000 அல்லது அதற்குக் கீழ் உள்ளதைக் கேளுங்கள். கடைக்காரர் 'வோர்ம் வைட்' என்று எடுத்துத் தருவார்.